கோரை வளையம்

அந்த வருஷம் வில்லோச் சகதியைச் சுற்றி வளையம் போட்டவன் ஹல்வர். தோர்கில் கிழவர் போடவில்லை. இதைக் கேட்டு வாயைப் பிளக்காத ஆள் ஊரில் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தச் சகதிக் கோரை தோர்கில் வீட்டு மாடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னொருவன் அங்கே அரிவாளோடு போய் நிற்பான் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சகதி யாருக்கும் சொந்தமில்லை. சர்க்கார் அதை விற்கவும் இல்லை. விற்றாலும் வாங்குகிற பைத்தியக்காரன் இல்லை. நடுவிலே வில்லோ மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும் கறுப்புத் தண்ணீர், சுற்றிலும் இடுப்பளவு கோரை. ஆனால் மேட்டுப் புல் பனிக்காலத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மாடு உயிரோடு நிற்பது இந்தக் கோரையால்தான். அதனால் கப்பலேறி அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வந்த அந்த நார்வேக்காரக் குடும்பங்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. ஜூலை முதல் நாள் சூரியன் கிளம்பிய பிறகு, எவர் ஒரு கோரைக்காட்டைச் சுற்றி ஒரு வீச்சு அகலத்துக்கு அறுத்துக்கொண்டே போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறாரோ, உள்ளே நிற்பதெல்லாம் பனி விழும்வரை அவருடையது. வேலி கிடையாது. காகிதம் கிடையாது. அறுத்த கோரை கிடக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டை அடுத்தவர் தாண்டக் கூடாது. தன் கன்றுக்குட்டி உள்ளே ஓடிவிட்டாலும் வெளியே நின்று வளையக்காரரைக் கூப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

தோர்கில் இந்த விஷயத்தில் மகா கறார். ஒரு தடவை காற்றடித்து அஸ்லாக் என்பவனுடைய தொப்பி பறந்துபோய் தோர்கில் வளையத்துக்குள் விழுந்தது. பாவம், அவன் மூன்று எட்டு உள்ளே வைத்து அதை எடுத்துவிட்டான். அஸ்லாக் சாகும்வரை தோர்கில் அவனோடு பேசவில்லை. சாவுக்குக்கூட வெளியே நின்றுதான் தொப்பியைக் கழற்றினார். கேட்டால், "தொப்பிக்குத் தாண்டினவன் நாளைக்குக் கோரைக்கும் தாண்டுவான்" என்பார். தானும் அப்படித்தான். அடுத்தவன் கோட்டருகே வந்தால் அரைமைல் சுற்றிப் போவார். ஊர் அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டியது. அதே வாயால் அவர் சொல்லை நம்பவும் செய்தது.

அவருக்கு ஒரே மகள் ராக்னா. நாற்பது தாண்டியவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று அப்பாவோடும் ஐந்து மாடுகளோடும் இருந்துவிட்டாள். போன பனிக்காலத்தில் ஒரு நாள் அப்பா அவளைப் பார்த்து, "கிறிஸ்தி, காப்பி போடு" என்றார். கிறிஸ்தி அவள் அம்மா. மண்ணுக்குள் போய்ப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. ராக்னா காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு அவர் கறந்த மாட்டையே மறுபடி கறக்கப் போனார். சவரம் செய்துகொண்டே எதற்காகக் கத்தி எடுத்தோம் என்று மறந்து, பாதி முகத்தோடு நின்றார். இதையெல்லாம் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேட்டுத்தெருக் கிழவர் ஒருவர் இப்படித்தான் வழி தெரியாமல் அலைந்தார் என்று கவுண்டி நிர்வாகத்தின் பைத்திய ஆஸ்பத்திரி வண்டி வந்து கையைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனது. போனவர் திரும்பவில்லை. அந்த வண்டி தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் ராக்னாவுக்கு எந்நேரமும் நினைப்பு.

வளைய நாளன்று என்ன நடந்தது என்றால், தோர்கில் விடிகாலையில் எழுந்து அரிவாளை எடுக்கவில்லை. சர்ச்சுக்குப் போகிற கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ராக்னா பால் பாத்திரத்தைக் கழுவித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், பூட்டிய சர்ச் படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"பாதிரிக்கு இன்னுமா விடியல? சோம்பேறிப் பய!" என்றார்.

"இன்னிக்கு ஞாயிறு இல்லப்பா. எந்திரிங்க, வளையம் போடணும்."

"சும்மா இரு கிறிஸ்தி. நாலு பேர் பார்க்கிறாங்க."

யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். நயந்து, கெஞ்சி, கையைப் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிவருவதற்குள் சூரியன் மர உச்சிக்கு வந்துவிட்டது. சகதிப் பக்கம் அரிவாள் வீசும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கேட்டு, "யாரோ நல்லா அறுக்கிறான்" என்று பாராட்டிவிட்டுப் படுக்கப் போனார். ராக்னா கொட்டகைக்குள் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரில் அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டாள்.

ஹல்வர் சாயங்காலமே வீடு தேடி வந்தான். ஆள் கெட்டவன் இல்லை. முணுமுணுக்கிற ஆள், அவ்வளவுதான். கையை ஆட்டாமல் அவனுக்குப் பேச வராது. குதிரை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவன் மனைவி பெர்கித்தே கேலி செய்வாள்.

"வெயில் ஏறுற வரைக்கும் மாமாவுக்காகக் காத்திருந்தேன், ராக்னா. வரல. வேற எவனாவது போட்டுட்டா என் வீட்டு எட்டு மாடும் பட்டினின்னு போட்டுட்டேன். பாதிக் கோரை நீங்க எடுத்துக்குங்க."

"பிச்சை வேண்டாம்ணே. எங்களுக்கு ஆத்தோரப் புல் இருக்கு."

"பிச்சையா? யார் சொன்னா பிச்சைன்னு..."

அவள் கதவைச் சாத்தினாள். அவன் மேல் கோபப்பட ஒரு நியாயமும் இல்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் வந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். காலையில் அவள் கறந்து முடித்து உள்ளே வந்தபோது கட்டில் காலி. கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. சுவரில் மாட்டியிருந்த நீள அரிவாளைத்தான் காணவில்லை. அரிவாளை எடுத்தவர் ஆற்றோரத்துக்குத்தான் போயிருப்பார் என்று அவள் ஓடினாள். அங்கே வெட்டுப்பட்ட ஒரு புல்கூட இல்லை. கத்திக் கத்திக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். பொழுது சாய்வதற்குள் வேறு வழியில்லாமல் கீட்டிலிடம் போனாள். கீட்டில் ஊருக்குப் பெரியவர். பாலத்துப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவர்.

"அரிவாளோட போனாரா? இடுப்பு வலிச்சவருக்கு அரிவாள் எதுக்கு?" என்றார்.

"தெரியல மாமா."

"சரி, நீ அழாத. வெட்டுக்காயம் பட்டு எங்கயாவது விழுந்து கிடப்பார். நான் ஆள் கூட்டுறேன்."

சும்மா சொல்லக் கூடாது, ஊர் திரண்டுதான் வந்தது. அறுப்பு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். கொம்பு ஊதினார்கள். பைன் காட்டை அலசினார்கள்; ஆற்றங்கரை மடுக்களில் நீளக் கழி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். கொசு கடித்து முகமெல்லாம் வீங்கியது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் வண்டிப்பாதையில் கூடி நின்றபோது கீட்டில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"பார்க்காத இடம் ஒண்ணுதான் பாக்கி. ஹல்வர் வளையம்."

அதற்குள் போவதென்றால் சும்மா எட்டிப் பார்க்கிற காரியமில்லை. கை கோத்து வரிசையாக மிதித்துக்கொண்டு போக வேண்டும். தனியாளாகக் கோரையை விலக்கிக்கொண்டு போனால் அது மத்தியானத்துக்குள் நிமிர்ந்து, ஆள் போன தடமே தெரியாமல் நின்றுவிடும். முப்பது பேர் மிதித்தால் நிமிராது. தண்ணீரில் படுத்து அழுகும், அரிவாளுக்குச் சிக்காது. அதற்கு அர்த்தம், ஹல்வர் வீட்டு மாடுகளுக்கு மார்ச் மாதம் தீனி இல்லை.

"ராக்னா, நீ போய்க் கேளு. நாங்க கேட்டா வேற மாதிரி ஆயிடும். பெத்த மக கேட்டா எந்தப் பயலும் மாட்டேன்னு சொல்ல மாட்டான்" என்றார் கீட்டில்.

அவள் தனியாக நடந்தாள். ஹல்வர் கோட்டின் ஓரத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து அரிவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். காலையெல்லாம் அவனும் ஆற்றங்கரையில் தேடியவன்தான். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"கிடைச்சாரா?"

"இல்ல."

"அப்புறம் அங்க நின்னுக்கிட்டு என்ன பேச்சு? இதுக்குள்ள பார்க்க வேண்டாமா? கூப்பிடு எல்லாரையும்!"

அவள் திகைத்துப்போனாள். அவன் மறுப்பான், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"கோரை வீணாப் போயிடும்."

"போனா போகுது கழுதை! ரெண்டு மாட்டை வித்துட்டுப் போறேன். மனுஷன் பெரிசா, கோரை பெரிசா?"

அந்த இடத்தில் அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவள் காதில் விழுந்ததோ வேறொன்று.

"அப்ப எங்கப்பா உங்க கோட்டைத் தாண்டி உள்ள போயிருப்பார்ங்கிறீங்க?"

"போயிருக்கலாம்ங்கிறேன்."

"ஒரு தொப்பிக்காக அஸ்லாக்கைச் சாகிற வரைக்கும் ஒதுக்கி வச்சவர் எங்கப்பா. அவரா அடுத்தவன் வளையத்துல கால் வைப்பார்? யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க?"

ஹல்வர் அரிவாளைக் கீழே வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"புத்தி சரியா இருந்தா வைக்க மாட்டார், தங்கச்சி. அன்னிக்குச் சர்ச் படியில உட்கார்ந்திருந்தாரே, நான் பார்க்கலன்னு நினைச்சியா? பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல. பெர்கித்கிட்டகூடச் சொல்லல. அவர் நினைப்புல இது இன்னும் அவரோட வளையம்தான். அதான் சொல்றேன்."

ராக்னாவுக்கு உடம்பெல்லாம் குப்பென்று சுட்டது. ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது! இப்போது வரிசையாக உள்ளே போனால், எதற்காகப் போகிறோம் என்று முப்பது பேரும் கேட்பார்கள். தோர்கில் கோட்டைத் தாண்டுவார் என்று எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். அவர் பிறகு எங்கேயோ ஒரு வைக்கோல் கொட்டகையில் பத்திரமாகக் கிடைத்துவிட்டால், வண்டி வரும்.

"புரிஞ்சு போச்சு. கிழவருக்குப் பைத்தியம்னு ஊர் முழுக்கத் தெரியணும். அப்பத்தானே வளையம் அடுத்த வருஷமும் உங்களுக்கே நிலைக்கும்?"

"அடிப்பாவி மகளே! என்ன வாய் இது?" அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் வீசினான். "போ! போய் அவங்களைக் கூட்டிட்டு வா! போ சொல்றேன்!"

"வேண்டாம். அவர் இங்க இல்ல. பெத்தவரைப் பத்தி எனக்குத் தெரியாதா? உங்க கோரையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

வண்டிப்பாதையில் நின்றவர்களுக்குப் பேச்சு எட்டவில்லை. ஹல்வர் எழுந்ததும், கையை வீசி விரட்டியதும், ராக்னா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்ததும்தான் தெரிந்தன.

"என்ன சொன்னான்?" என்றார் கீட்டில்.

"அங்க வேண்டாம், மாமா. அப்பா அங்க போகல."

கீட்டில் சகதிப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார். "கோரை! த்தூ! இவன் எல்லாம் ஒரு மனுஷன்."

அவர் என்னவென்று புரிந்துகொண்டார் என்று ராக்னாவுக்குத் தெரிந்தது. திருத்தவில்லை. திருத்தினால் மற்றதையும் சொல்ல வேண்டும். முதலில் அப்பா கிடைக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஹல்வர் மட்டும் தன் வளையத்துக்குள் போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். கோரைக்குள் இரண்டு சுற்று சுற்றினான். வில்லோ ஓரம்வரை போனான். அதற்கு உள்ளே தண்ணீர் மார்பளவு. ஒற்றை ஆள் போனால் திரும்புவது நிச்சயமில்லை. மகளே இல்லையென்று அடித்துச் சொல்கிறாளே என்று அவனுக்கும் பாதி மனது. தவளைகள் இரைந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் காலை ராக்னாவும் வந்து அந்தக் கோட்டருகே நின்றாள். கோரை ஒரு தாள்கூட மடங்காமல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. யாராவது போயிருந்தால் தடம் இருக்குமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தடம் இருக்காது என்பது நடை பழகிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஒரு கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டு வைத்துவிடத் துடித்தது. பாதையில் பக்கத்துப் பண்ணைக் கூரோ அக்காவின் வண்டி வருவதைக் கண்டதும், அதை இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஜெபம் செய்தார். ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது. ஆட்கள் அவரவர் அறுப்புக்குத் திரும்பினார்கள்.

ஹல்வரும் அறுக்கத் தொடங்கினான். வெளிக்கோட்டிலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கித்தான் அறுப்பது வழக்கம். நடுவில் நிற்கும் கோரை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. ராக்னா தன் வீட்டுக் கூரையடியிலிருந்து அதைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு வெண்ணெய் கடைந்தாள். மறுபடி வந்து பார்த்தாள். அந்த வாரத்துக் கடைசியில் ஒரு மத்தியானம் அரிவாள் சத்தம் நின்றது. நின்றது நின்றதுதான், மறுபடி கேட்கவில்லை. பெர்கித் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் ஓடுவது தெரிந்தது. ராக்னா மத்தை வைத்துவிட்டு எழுந்தாள். ஒருவரும் வந்து கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

வில்லோக்களுக்கு உள்ளே, கறுப்புத் தண்ணீருக்கு நடுவே, கோரைத் திட்டு ஒன்று மேடாக இருந்தது. தோர்கில் அதன்மேல் கிடந்தார். கால் சேற்றில் சிக்கி முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. எப்படியோ இழுத்து மேலே ஏறியிருக்கிறார். வில்லோக் கொம்புகளை வெட்டிக் குறுக்கே போட்டு, அதன்மேல் கோரையைக் கனமாகப் பரப்பி, நார்வேயில் மலைமேல் தங்கும் இடையர்கள் போடுவதுபோல் கச்சிதமாகப் படுக்கை போட்டிருந்தார். தலைமாட்டில் உரித்த கோரைத் தாள்கள் குவிந்து கிடந்தன. அடிக்குருத்து வெள்ளையாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். அதை மென்று மென்று போட்டிருக்கிறார். அடியில் கிடந்தவை பழுத்து மஞ்சளாகியிருந்தன. அதற்கு மேல் கிடந்தவை பாதி பச்சை. எல்லாவற்றுக்கும் மேலே சில, இன்னும் பச்சையாகவே இருந்தன.

கீட்டில் குனிந்து அந்தக் குவியலைக் கையால் புரட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"இது ஒரு நாள் தீனி இல்ல. நாலஞ்சு நாள் உயிரோட இருந்திருக்கார். நாம பாதையில நின்னப்ப இருந்திருக்கார். ஐயோ, பாதிரி ஜெபம் பண்ணினப்பகூட இருந்திருக்கார்டா!"

ராக்னாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. எதிரே வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. கீட்டில் ஹல்வரின் சட்டையைப் பிடித்தார்.

"சந்தோஷமா? எட்டு மாட்டுக்குத் தீனி மிஞ்சிடுச்சா? ஒரு மனுஷனைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டியேடா!"

"நான் வரச் சொன்னேன்! எல்லாரையும் கூட்டிட்டு வான்னு தொண்டை கிழியச் சொன்னேன்!"

"கையை வீசி விரட்டினதைக் கண்ணால பார்த்தோமே! எங்களுக்கு என்ன கண்ணு குருடா?"

"அவளைக் கேளுங்க. அதோ நிக்கிறாளே, கேளுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். "சொல்லு ராக்னா. இவன் வரச் சொன்னானா?" என்றார் கீட்டில்.

அவள் வாயைத் திறந்தாள். அப்பாவின் தாடியில் ஒரு கோரைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கண் அதிலேயே நின்றது. அந்தக் குருத்தை அவர் தின்ற நேரத்தில் தான் என்ன தின்றுகொண்டிருந்தோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வெண்ணெயும் ரொட்டியும். ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு அந்தத் திட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பார்த்தியா?" என்றார் கீட்டில் ஹல்வரைப் பார்த்து. "அந்தப் பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிடுறியே, உனக்கு வெட்கமா இல்ல?"

ஹல்வர் உடலைத் தூக்கும்போது தலைமாட்டைப் பிடிக்கக் குனிந்தான். இருவர் அவனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டார்கள்.

மறுநாளே அடக்கம். அதற்குப் பிறகு கீட்டில் வீட்டு மில் கொட்டகையில் காப்பியும் பாலேட்டுக் கஞ்சியும். ஹல்வரும் பெர்கித்தும் வந்திருந்தார்கள். வராமலிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று வந்திருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்துவிட்டார்கள். நீளமான பெஞ்சில் அந்த இரண்டு பேர் மட்டும், எதிரே ஆறிப்போன காப்பி.

ராக்னா இரவு முழுக்கத் தூங்கவில்லை. எழுந்து நின்றாள். கொட்டகை அடங்கியது.

"ஒண்ணு சொல்லணும். ஹல்வர் அண்ணன் மறுக்கல. உள்ள வாங்க, மிதிங்க, கோரை போனா போகுதுன்னு சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். அப்பாவுக்குப் புத்தி தடுமாறி ஆறு மாசமாச்சு. நான் மறைச்சேன். அவர் உள்ள போயிருப்பார்னு அண்ணன் சொன்னார். அப்படிச் சொல்லாதீங்கன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். அப்பாவைக் கொன்னது நான்."

சொல்லிவிட்டாள். இனி ஆளாளுக்குத் தன்னைக் காறித் துப்புவார்கள், துப்பட்டும் என்று நின்றாள்.

கூரோ அக்கா கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள். வந்து ராக்னாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? பெத்தவரைப் பறிகொடுத்துட்டு, அந்தப் பாவியைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்குறா! அப்பன் புத்தி பேதலிச்சவர்னுகூடச் சொல்றா! தங்கம்டி நீ!"

"நான் பொய் சொல்லலக்கா!"

"தெரியும்மா, தெரியும். நீ உட்காரு. நேத்து வாய் திறக்க முடியாம நின்னியே, அப்பவே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு."

"அவர் புத்தி நிஜமாவே..."

"தோர்கிலுக்கா? நாலு நாள் அந்தக் காலோட கிடந்து, கொம்பு வெட்டிப் படுக்கை போட்டு, குருத்து தின்னு உயிரைப் பிடிச்சிருந்த மனுஷனுக்கா புத்தி கெட்டிருக்கும்?" என்றார் கீட்டில். அவர் குரல் உடைந்தது. "ஆத்தோரத்துலருந்து, நாம ஊதின கொம்புச் சத்தம் கேட்டு உதவி கேட்க மேட்டுக்கு வரும்போது வழி தவறியிருப்பார். உன்னைப் பெத்ததுக்கு அவருக்கு மோட்சம்தான், போ."

பாதிரியார் எழுந்து, பகைவனை மன்னிப்பது பற்றி நாலு வார்த்தை சொன்னார். பெண்கள் அழுதார்கள். ராக்னா ஒருவர் முகம் விட்டு ஒருவர் முகமாகப் பார்த்தாள். கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அவர்கள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். ஹல்வர் எழுந்தான். பெர்கித்தின் தோளைத் தொட்டான். இருவரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்தும் சத்தம்கூட வரவில்லை.

அறுத்த கோரையைச் சகதியிலிருந்து மேட்டுக்குத் தூக்குவது ஊர் வேலை. வண்டி உள்ளே இறங்காது. குவித்த கோரைக்கு அடியில் இரண்டு கம்பைச் செருகி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கி, சேற்றிலிருந்து காலை உருவி உருவி எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் இன்றைக்கு ஒருவர் வளையத்துக்கு எல்லோரும், நாளைக்கு இன்னொருவர் வளையத்துக்கு எல்லோரும் என்று முறை. ஹல்வர் முறை வந்த நாளில் ஒரு ஆள்கூட வரவில்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மழை நனைந்தால் கோரை உதவாது. புருஷனும் பெண்டாட்டியுமாகக் காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். சகதியில் கால்வாசிகூடக் காலியாகவில்லை.

ராக்னா தன் வீட்டுக் கம்புகளை எடுத்துக்கொண்டு போனாள். கோட்டைத் தாண்டி நேராக உள்ளே நடந்தாள்.

"எதுக்கு வந்த?" என்றான் ஹல்வர். முகம் அப்படி இளைத்துப்போயிருந்தது.

"தூக்க வந்தேண்ணே. என்னை என்ன வேணா திட்டுங்க. தூக்க விடுங்க."

அவன் அடுத்த குவியலுக்குக் குனிந்தான். பெர்கித் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மேகத்தைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். ராக்னா பின்பக்கத்துக் கம்பு நுனிகளைப் பிடித்தாள். கோரையின் ஓரம் மணிக்கட்டை அறுத்தது. அறுக்கட்டும் என்று இருந்தது. மூன்று நடை போனார்கள். உடம்பு வலித்தது, அந்த வலியில் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

நாலாவது நடையில் பாதைப் பக்கம் ஒரு வண்டி நின்றது. கூரோ அக்கா, கூட இரண்டு பெண்கள். கூரோவின் குரல் சகதி முழுக்கக் கேட்டது.

"பாருங்கடி, பாருங்க! அப்பனைக் கொன்னவனுக்கே போய்க் கோரை தூக்குறா! இவளல்லவா பொம்பளை! அந்தக் கல்நெஞ்சனைப் பாரு, கூசாம தூக்க விட்டுக்கிட்டு நிக்கிறான்!"

வண்டி போயிற்று. ஹல்வர் முன்பக்கத்தை இறக்கி வைத்தான். திரும்பி அவளைப் பார்த்தான். கோபம் இருந்தால்கூடத் தேவலை; அதுவும் அந்த முகத்தில் இல்லை. கையை ஆட்டாமல் பேசினான்.

"வீட்டுக்குப் போ, ராக்னா."

"அண்ணே, மழை வருது..."

"வரட்டும். நீ தூக்குற ஒவ்வொரு கட்டுக்கும் நீ அவங்களுக்குத் தெய்வமாகிட்டே போற. நாங்க கொலைகாரங்களாகிட்டே போறோம். நீ நல்லது பண்ணப் பண்ண எங்களுக்கு இந்த ஊர்ல இடமில்லாமப் போகுது. எங்களை விட்டுடு. போயிடும்மா."

பெர்கித் வந்து ராக்னா கையிலிருந்து கம்புகளை வாங்கிக்கொண்டாள். இருவரும் கட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்கள். முதல் மழைத்துளி விழுந்தபோது ராக்னா இன்னும் அங்கேயே, அறுத்த கோரையின் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.